நாலே முக்கால்

நான் சொல்லப்போகும் ஓட்டம் நடந்தது செவ்வாய்க்கிழமை. வீட்டில் இன்னும் புதன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என் நோட்டில் செவ்வாய் என்றே இருக்கிறது. மாலை ஐந்து பத்துக்குத் தூறல் விழுந்து ஐந்து இருபதுக்கு நின்றதும் அதே பக்கத்தில் இருக்கிறது.

பல நாடுகள் கூடும் விளையாட்டுப் போட்டி அந்த முறை ஜொகூருக்கு வந்திருந்தது. ஆண்களுக்கான டெகாத்லனில் என் தம்பி ஓடினான். இரண்டு நாளில் பத்துப் போட்டி. ஓட்டம், தாண்டல், எறிதல் அத்தனையும் ஒரே ஆள் செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. கூட்டிப் பார்த்துத்தான் யார் முதல், யார் இரண்டு என்று தெரியும். மலாயில் இதற்குத் தசலும்பா என்று பெயர்.

"எனக்குத் தெரிஞ்ச தசையெல்லாம் சனி தசையும் ராகு தசையும்தான். இது என்னாடா புது தசை?" என்றார் அம்மா, அவன் தேர்வான செய்தியைச் சொன்ன அன்று.

"அந்த ரெண்டையும் விட இது மோசம்மா," என்றான் தம்பி.

அவன் செனாயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவன். ஷிப்ட் முடிந்ததும் தெப்ராவ் திடலுக்கு வந்து பயிற்சி செய்வான். வயது முப்பத்தொன்று. அனைத்துலகப் போட்டிக்கு அதற்கு முன் இரண்டு முறை போயிருக்கிறான். இரண்டு முறையும் என் நோட்டில் அவன் பெயருக்கு நேரே 'முடிக்கவில்லை' என்று எழுதும்படி ஆயிற்று. முதல் முறை கோலூன்றித் தாண்டுதலில் மூன்று வாய்ப்பிலும் கம்பியைத் தட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான். இரண்டாவது முறை, கடைசிப் போட்டியான ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில், பாதி வழியில் தடத்தை விட்டு இறங்கிப் புல்லில் உட்கார்ந்துவிட்டான். தொழிற்சாலை பஸ்ஸில் கூட வருகிறவர்கள் அதை விடவில்லை. "இவன் செனாய் வரைக்கும் வரமாட்டான் லா, வழியிலேயே எறங்கிடுவான்" என்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிடுவான்.

இந்த முறை கிளம்பும்போது என் நோட்டைத் தட்டிக் காட்டினான். "எழுதிக்கண்ணே. பத்தும் முடிக்கிறேன். வெண்கலம் எடுக்கிறேன்."

"நடந்த பெறகுதான் எழுதுவேன்," என்றேன்.

ஒன்பது போட்டி முடிந்தபோது அவன் நான்காம் இடத்தில் இருந்தான். மூன்றாம் இடத்தில் இருந்தவர் பக்கத்து நாட்டுக்காரர். தோள் அகலமான, ஈட்டியை வெகுதூரம் எறிகிற மனிதர். தம்பியை விட எண்பது புள்ளி கூட வைத்திருந்தார். ஆனால் அவருக்கு நீண்ட ஓட்டம் வராது. ஐந்து நிமிடத்தை ஒட்டித்தான் ஓடுவார் என்று பழைய முடிவுகளைப் பார்த்து எழுதி வைத்திருந்தேன். புள்ளி அட்டவணையை மடியில் விரித்து மூன்று முறை கணக்குப் போட்டேன்.

பொந்தியான் ஊரிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "என்னாண்ணே, நாலு நம்பர் லாட்டரியா? எனக்கும் ஒன்னு சொல்லுங்க, எழுதிப் பாக்குறேன்."

"ஓட்டக் கணக்குங்க."

"அலமாக், நான் ஒங்களப் பெரிய ஆளுன்னு நெனச்சேன்."

தம்பி நாலு நிமிடம் நாற்பத்தைந்து விநாடிக்குள் வந்தால் போதும். வெண்கலம் அவனுக்கு. பயிற்சியில் அவன் அதை எட்டியிருக்கிறான்.

ஓட்டத்துக்குக் கூப்பிடுவதற்கு முன் அவன் பார்வையாளர் பகுதிக்குக் கீழே வந்து நின்றான். பயிற்றுநர் திடலின் மறுபுறம் இருந்தார். நான் ஆறாவது வரிசை. ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது.

"அண்ணே! எவ்வளவு வேணும்?"

காணி, மாகாணி, அரைக்கால் என்று பழைய பின்னக் கணக்குகளைப் புத்தகத்தில் படித்ததிலிருந்து எனக்கு அந்தச் சொற்கள்மேல் ஒரு மோகம். நேரத்தைக்கூட அப்படித்தான் சொல்வேன். இரண்டு கையையும் வாயில் குவித்துக் கத்தினேன்.

"நாலே முக்கால்!"

அவன் முகம் மாறியது. ஒரு கணம் என்னையே பார்த்தான். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனான். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

துப்பாக்கி வெடித்தது. தம்பி முதல் ஆளாகப் பாய்ந்தான். முந்நூறு மீட்டரில் என் கைக்கடிகாரம் ஐம்பத்தொரு விநாடி காட்டியது. ஏதோ வேகத்தில் போகிறான், குறைத்துக்கொள்வான் என்று எழுதினேன். எழுநூறு மீட்டரில் ஒரு நிமிடம் ஐம்பத்தொன்பது. பென்சில் நின்றது. அந்த எண்ணை இரண்டு முறை பார்த்த பிறகுதான் விளங்கியது. இது நாலே கால் நிமிடத்துக்கு ஓடுகிற ஓட்டம். ஒலிபெருக்கிச் சத்தத்தில் 'முக்' போய், 'கால்' மட்டும் அவன் காதில் விழுந்திருக்கிறது. அந்த நேரத்தில் ஓட அவனால் முடியாது. முடியாது என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தும் ஓடுகிறான்.

நோட்டைப் பொந்தியான்காரர் மடியில் போட்டுவிட்டு, வரிசையில் இருந்தவர்களின் கால்களை மிதித்து, மன்னிப்புக் கேட்டு, கம்பி வேலிக்கு இறங்கி ஓடினேன்.

எதிர்ப்பக்கத்தில் அவன் கால்கள் கட்டிப் போட்டதுபோல் ஆகிவிட்டன. ஒருவர் தாண்டினார், இன்னொருவர் தாண்டினார். கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும் கோட்டை நோக்கி வந்தபோது பெரிய திரையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று பதினேழு. உள்பக்கப் புல்லின் பக்கம் உடம்பு சாய்ந்தது. போன முறை இறங்கியதும் இப்படித்தான்.

தமிழை நம்பவில்லை. அவன் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கேட்கும் மலாயில் கத்தினேன். "எம்பாட், எம்பாட் புலோ லீமா!" நாலு, நாற்பத்தைந்து. தொண்டை கிழிய இரண்டாவது முறையும் அதையே.

அவன் தலை திரும்பியது. திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இன்னும் எண்பத்தெட்டு விநாடி கையில் இருக்கிறது. புல்லின் பக்கம் சாய்ந்த உடம்பு நிமிர்ந்து தடத்துக்குள் வந்தது. அந்தக் கடைசிச் சுற்றை அழகாக ஓடினான் என்று எழுத முடியாது. கழுத்து ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஆனால் நிற்கவில்லை. நாலு நாற்பத்துநான்கில் கோட்டைத் தாண்டி விழுந்தான். தோள் அகலமானவர் நாலு ஐம்பத்தொன்பதில் வந்து, அவன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்.

ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் வெண்கலம் தம்பிக்கு. பலகையில் வரும்வரை நான் நம்பவில்லை.

அரை மணி கழித்து வேலியோரம் நொண்டி வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்தான். "நாலே காலுன்னு சொன்னியேண்ணே, ஒனக்கு மனசாட்சி இருக்கா?"

"முக்கால்டா. முக்கால்னுதான் சொன்னேன். தப்பு என்மேலதான். நம்பரா சொல்லியிருக்கணும்."

"முடியாதுன்னு தெரியும். ஆனா ஒன் நோட்டுல மறுபடியும் 'முடிக்கவில்லை'ன்னு எழுத விடக்கூடாதுன்னு ஓடினேன். மணி அடிச்சப்ப அந்த வைராக்கியமும் போச்சு. எறங்கத்தான் போனேன்."

கைபேசி அடித்தது. அம்மா. தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார், அவன் விழுந்ததோடு விளம்பரம் போட்டுவிட்டார்களாம். நான் அவனிடம் கொடுத்தேன்.

"என்னாய்யா ஆச்சு? அந்த தசை முடிஞ்சுதா இல்லியா?"

"முடிஞ்சிருச்சும்மா," என்றான். பிறகு என் கையில் இருந்த பென்சிலைப் பார்த்து, "இப்ப எழுதுண்ணே," என்றான்.

நோட்டு பொந்தியான்காரரிடம் இருந்தது. வாங்கி வர மேலே ஏறினேன்.