கறுப்புக் கண்ணாடி உளவாளியும் பக்கத்துக் கோலிச் சிரிப்பும்

அந்த வாரப் பத்திரிகையை வாங்கச் சொன்னது நான்தான். அறுபதுகளின் நடுவில், பம்பாயில் எந்தத் தியேட்டர் வாசலிலும் உளவாளிப் பட போஸ்டர் ஒட்டியிருந்த சமயம் அது. அந்தப் படங்களையெல்லாம் கேலி செய்யும் ஒரு சித்திரத் தொடர் வரப்போவதாக மெட்ராஸிலிருந்து வரும் அந்தப் பத்திரிகையில் அறிவிப்பு போட்டிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி, மழைக்கோட்டு, கையில் ஒரு குடை, குடையின் கைப்பிடியில் டெலிபோன். அந்த ஒரு படத்தைப் பார்த்து என் ஆறு வயது மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் ஆரம்பித்தேன்.

அவள் மாஹிமில் ஒரு கான்வென்டில் படித்துக்கொண்டிருந்தாள். அது என் கணவரின் முடிவு. தவறான முடிவு என்று நான் சொல்லவில்லை. ஆனால் தாராவியில் எங்கள் சால் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசுவார்கள். ஊரிலிருந்து கடிதம் வந்தால் மட்டும் அதைத் தூக்கிக்கொண்டு படிக்கத் தெரிந்தவர்களைத் தேடி அலைவார்கள். அவர்களைப் போலவே என் மகளும் ஆகிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். என் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தெரியவில்லை என்றால் அது என் குற்றம்தானே?

சனிக்கிழமை அரை நாள் வேலை. ரயில்வே ஒர்க் ஷாப்பிலிருந்து வரும் வழியில் என் கணவர் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் பத்திரிகையை வாங்கி வருவார். சாப்பிட்டதும் மகளை மடியில் உட்கார்த்தி, ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை வைத்து வாசிப்பேன்.

முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து ஒரே கதை. உளவாளி எதிரி ஒருவனைத் துரத்துவார், சாக்கடையில் விழுவார், கடைசியில் தன் தலைவரையே பிடித்துக்கொண்டு போய் நிற்பார். தலைவர் மண்டையில் அடிப்பார். தொடரும். மறுவாரம் சாக்கடைக்குப் பதில் கிணறு. எந்தப் படங்களைக் கேலி செய்யப் புறப்பட்டோம் என்பதையே எழுதியவர் மறந்துவிட்டாரோ என்று தோன்றியது. வரைந்தவருக்கும் சலித்துப்போயிருக்க வேண்டும். ஐந்தாவது வாரத்தில் நான்காவது வாரப் படங்களே திரும்பி வந்தன, வசனம் மட்டும் வேறு. நான் விடவில்லை. மகள் சிரிக்காத இடங்களில் நிறுத்தி, இது ஏன் வேடிக்கை என்று விளக்கினேன். அவள் கொட்டாவி விட்டாள்.

எங்கள் வரிசையில் ஐந்து கோலிகள், ஒற்றை அறை வீடுகளுக்கு பம்பாயில் அதுதான் பெயர். யார் வாங்கினாலும் பத்திரிகை பொதுதான். வாங்கியவர்கள் முதலில் படிப்பார்கள், பிறகு அது அடுத்த கோலி, அதற்கடுத்த கோலி என்று போகும். எங்களுக்கு அடுத்த கோலியில் ஒரு தையல்காரி இருந்தாள். என் வயதுதான். தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவள். என் கணவரை அண்ணாச்சி என்றும் என்னை மைனி என்றும் அழைப்பாள், அதனால் மகளுக்கு அவள் அத்தை. சனிக்கிழமை சாயங்காலம் பத்திரிகையை அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது மகளின் வேலை. கொடுத்தவள் உடனே திரும்பியதில்லை.

இரண்டு கோலிகளுக்கும் நடுவே பலகைத் தட்டிதான். முதலில் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். பிறகு அது நிற்கும். பிறகு என் மகள் சிரிப்பாள். என் மடியில் உட்கார்ந்து ஒரு தடவையும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. மூச்சு முட்டி, போதும் அத்தை, போதும் அத்தை என்று கெஞ்சிச் சிரிப்பாள்.

ஒரு சனிக்கிழமை அரிசி களைவதை நிறுத்திவிட்டுத் தட்டியருகே போய் நின்றேன்.

"நம்ம ஆளு சேலையக் கட்டிக்கிட்டு உல்லாஸ்நகர் லோக்கல்ல லேடீஸ் டப்பாவுல ஏறிட்டான்."

"மீசை?"

"மீசைய முந்தானையால மூடிட்டான். பக்கத்துல ஒரு மீன்காரி. 'ஏ பாயி, திக்கடே சரக்', அங்கிட்டு தள்ளுன்னு ஒரு இடி இடிச்சா பாரு, முந்தானை கீழ, மீசை வெளிய."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மீன்கூடைய அவன் தலையில கவுத்திட்டா. கறுப்புக் கண்ணாடிக்குள்ள ஒரு இறால் மாட்டிக்கிட்டு முழிக்கு. நம்ம ஆளு அதுகிட்ட போயி, நீ எந்த நாட்டு உளவாளின்னு கேக்கான்."

எனக்கே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அந்த வாரக் கதையை அன்று மத்தியானம்தான் எழுத்து விடாமல் வாசித்திருந்தேன். அதில் ரயிலே இல்லை. இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டு நான் பார்க்காமல் விட்டுவிட்டேனோ? திங்கட்கிழமை கடைசிக் கோலிக்குப் போய்ப் பத்திரிகையைத் திரும்ப வாங்கிவந்து, பக்க எண்களைச் சரிபார்த்தேன். எல்லாப் பக்கமும் இருந்தது. உளவாளி ஒரு வண்டியில் இருந்தார், அது மாட்டுவண்டி.

அப்போதுதான் மற்ற விஷயங்கள் நினைவுக்கு வந்தன. தையல்காரிக்குக் கடிதம் வந்தால் பிரிக்காமல் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குப் போவாள். அளவு நோட்டில் எண்கள் மட்டும் இருக்கும், பெயருக்குப் பதில் பூ, மீன், குடம் என்று படம் போட்டிருப்பாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்துத் தானாகவே கதை கட்டுகிறாள். படித்த நான் அச்சடித்ததை அப்படியே வாசித்து என் பிள்ளையைத் தூங்கவைக்கிறேன்.

அந்த வாரம் முழுவதும் எனக்கு இதுவே வேலையாகிவிட்டது. மகள் அவளைப் போலக் கையை ஆட்டிப் பேசுகிறாள் என்று கண்டுபிடித்தேன். தலை பின்னும்போது "அத்தை இழுக்காம பின்னுவா" என்று சொன்னாள். எப்போது பின்னினாள் என்று கேட்டேன். ரிப்பனை என்னிடம் நீட்டினாள். பொறாமை பாவம் என்று எனக்குத் தெரியும். மாதா கோயிலில் முழங்காலில் நின்று, ஆண்டவரே, இதை என்னிடமிருந்து எடுத்துவிடும் என்று ஜெபித்தேன். ஜெபித்துக்கொண்டே, அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதை மகளுக்கு எப்படிக் காட்டுவது என்றும் யோசித்தேன். தெரிந்துவிட்டால் பிள்ளை என்னிடம் வந்துவிடுவாள் என்று அப்போது உண்மையிலேயே நம்பினேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு மகளின் பின்னாலேயே போனேன். அங்கே நான்காவது கோலிப் பெண்ணும் அவள் நாத்தனாரும் தைத்த துணிக்காகக் காத்திருந்தார்கள். அவர்கள் இருப்பதைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். திரும்பவில்லை.

"வாங்க மைனி, இரிங்க. தோ மினிட்."

"அவசரமில்லை," என்றேன். மகள் கையிலிருந்த பத்திரிகையை வாங்கி, உளவாளி வாயைத் திறந்துகொண்டு நிற்கும் இடத்தைக் காட்டினேன். "இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் வாசிங்களேன். காலையிலேருந்து எனக்குக் கண்ணு மங்கலா இருக்கு."

மெஷின் நின்றது.

"நான் என்னத்த மைனி வாசிக்கது. கையில வேலை கிடக்கு."

"ஒரு வரிதான்."

காத்திருந்த இரண்டு பெண்களும் அவளைப் பார்த்தார்கள். அவள் பத்திரிகையைக் கையில் வாங்கினாள். அவள் காது சிவந்ததைப் பார்த்தேன். நான் கேட்டு வந்தது அதுதான். அப்போதாவது போகட்டும் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

என் மகள் எழுந்து போய்ப் பத்திரிகையை அவள் கையிலிருந்து எடுத்தாள். "அத்தைக்கு வேலை இருக்கு. நான் வாசிக்கேன்." விரலை எழுத்தின் கீழ் வைத்தாள். "த... லை... வரே. எ... எதி... ரியைப் பி... டித்து விட்டேன்."

என்னால் நம்ப முடியவில்லை. 'ழ' எது 'ள' எது என்று போன வாரம்கூட என்னிடம் குழம்பியவள்.

"பாரேன், கான்வென்ட்டு பிள்ள தமிழ் வாசிக்கு!" என்றாள் நான்காவது கோலிப் பெண். "யாருட்டி சொல்லிக் குடுத்தா?"

மகள் தையல்காரியைப் பார்த்தாள். தையல்காரி முந்திக்கொண்டாள். "வேற யாரு? மைனிதான். வாராவாரம் உக்காத்தி வச்சுச் சொல்லிக் குடுக்காவளே, எங்களுக்குத்தான் கேக்குமே."

அவர்கள் துணியை வாங்கிக்கொண்டு போனார்கள். மகளை வெளியே விளையாடச் சொல்லிவிட்டு, தையல்காரி இஞ்ச் டேப்பை எடுத்தாள்.

"கையத் தூக்குங்க மைனி."

தூக்கினேன்.

"மூச்ச விடுங்க. அடக்கினா அளவு தப்பும்." டேப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எனக்கு வாசிக்க வராதுன்னு உங்களுக்குத் தெரியும்லா."

"தெரியும்."

"பிள்ளைக்கும் தெரியும். முத வாரமே கண்டுபிடிச்சிட்டா. யார்ட்டயும் சொல்ல மாட்டேன் அத்தை, நானே வாசிக்கேன்னா. நீங்க சொல்லிக் குடுத்தத வச்சு வாராவாரம் எழுத்துக் கூட்டி வாசிப்பா. பாவம், ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். வாசிச்சு முடிச்சிட்டு, நல்லாவே இல்ல அத்தை, நீயே சொல்லுன்னு சொல்லுவா." நோட்டில் எனக்கு ஒரு புத்தகம் வரைந்து, பக்கத்தில் எண்களைக் குறித்தாள். "பக்வாஸ் கதை மைனி அது. நீங்க எப்படித்தான் முழுசாப் படிக்கியளோ."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கை எவ்வளவு நீளம் வைக்கட்டும் என்று அவள் கேட்டாள், முழங்கை வரை என்றேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

பத்திரிகையோடு வாசலில் நின்றிருந்த மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "இவ்வளவு நல்லா வாசிக்கியே, அம்மாகிட்ட ஏன் வாசிச்சுக் காட்டல?"

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. "உனக்குத்தான் வாசிக்கத் தெரியுமேம்மா."

இனி எனக்கும் வாசித்துக் காட்டு என்றேன். சரி என்று உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு முன்னால் பிள்ளைகள் வாசிப்பார்களே, அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து, தப்பில்லாமல் நான்கு வரி வாசித்தாள். நன்றாக இருக்கிறது என்றேன். பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அத்தையிடம் போகட்டுமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.