தறிக்குழியில் இறங்கிய கேஸ்

கல்யாணமாகி ஆறு மாசம் ஆகியும் என் புருஷனோடு தனியாக உட்கார்ந்து ஒரு டம்ளர் டீ குடித்ததில்லை நான். சொன்னால் சிரிப்பீர்கள். ஆரணியில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கப் பட்டுத்தறிதான். தறிக்குக் கீழே தொடையளவு குழி, அதில் காலை விட்டுக்கொண்டு அவர். பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டு மாமியார், எதிரே மாமனார், நடுவில் வளைய வளைய வரும் இரண்டு நாத்தனார்கள். இந்தக் கூட்டத்தில் என் புருஷனை நான் எங்கே போய்த் தேடுவது?

அதனால்தான் படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லி மாமியாரிடம் அனுமதி வாங்கினோம். முழுப் பொய் இல்லை. அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அப்படியே மலையடிவாரத்து ஓடைக்குப் போய், நாங்களே சமைத்து, நாங்களே தின்று, வாய் வலிக்கப் பேசிவிட்டு வருவதாகத் திட்டம். சமைப்பதற்காக அவர் ஓர் அடுப்பு கொண்டுவந்தார். பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த கூட்டாளி இரவல் கொடுத்தது. சொம்பு பருமனில் ஒரு குட்டி கேஸ் சிலிண்டர், அதன் தலையிலேயே பர்னர். பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மடியில் வைத்து முந்தானையால் துடைத்துத் துடைத்து வைத்தேன். உள்ளே கேஸ் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

“நம்ம பெரிய சிலிண்டர்லருந்து புடிச்சிக்கலாம். எப்புடின்னு எல்லாம் கேட்டுகினு வந்துட்டேன்” என்றார்.

எங்கள் வீட்டுக்கு கேஸ் வந்து சில மாசம்தான் ஆகியிருந்தது. மாமியார் சிலிண்டருக்குக் குங்குமம் வைத்து, விருந்தாளி வந்தால் மட்டும் அதில் காபி போடுவார். மற்றதெல்லாம் விறகடுப்பில்தான். அவர் கண்ணெதிரே அதைத் தொட முடியுமா? கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம் அடுத்த தெருவில் ஒரு வளைகாப்பு. வீடே கிளம்பிப் போனது. எனக்குத் தலைவலி, அவருக்கு அவசர வேலை. அப்போதாவது உட்கார்ந்து பேசினீர்களா என்று கேட்காதீர்கள். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சிலிண்டரைத்தான் பார்த்தார்.

“அடுப்பங்கரையில வாணாம், தணல் கீது” என்றார். ஆகா, என் புருஷனுக்கு என்ன புத்தி என்று பூரித்துப்போனேன். தணலுக்குப் பயந்து சிலிண்டரைக் கூடத்துக்கு உருட்டிவந்து, தறியின் பக்கத்திலேயே முக்காலிமேல் தலைகீழாகக் கவிழ்த்தார். குட்டியை ஐஸ் போட்ட பக்கெட்டில் இறக்கினார். இரண்டுக்கும் நடுவே ஒரு குழாயை மாட்டித் திருகினார். உஸ்ஸென்று சத்தம் வந்தது. குட்டிக்குள் போகிற சத்தம் என்று இருவரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தோம். பார்த்தால் குழாயின் பூட்டு விட்டுப்போய் வெள்ளைப் புகையாக வெளியே கொட்டுகிறது! அவர் பாய்ந்து மூடினார். கை விறைத்துப்போய், “ஐயோ ஐயோ” என்று ஒற்றைக் காலில் குதித்தார்.

முதல் வேலையாக விறகடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தேன். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தோம். கொஞ்ச நேரத்தில் நாற்றம் குறைந்தது. தப்பித்தோம் என்று தறியில் உட்காரப் போனவர், குனிந்த வேகத்தில் நிமிர்ந்தார்.

“இங்கதாம்மே பூந்துகினு கீது! கேஸு காத்தைவிட கனமாம், பள்ளத்துலதான் எறங்குமாம். அடுப்பு குடுத்தவன் இதையும் சொன்னான். நான்தான் மறந்துட்டேன்.”

ஊரில் எல்லாரும் வீட்டைக் கட்டி வைத்திருக்க, நாங்கள் வீட்டுக்குள் பள்ளம் வெட்டி வைத்திருந்தோமே! அந்திசாய்ந்ததும் அந்தக் குழியின் விளிம்பில் மாமியார் விளக்கு வைப்பார், ஒருநாளும் தவறியதில்லை. ஏற்றினால் வீடு போச்சு. ஏற்றாதீர்கள் என்று சொன்னால் எங்கள் ஓடை போச்சு. அதற்குள் குழியைக் காலி செய்தாக வேண்டும்.

எப்படி? நான் முறத்தை எடுத்தேன், அவர் ஐஸைக் கொட்டிவிட்டுப் பக்கெட்டை எடுத்தார். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை மொண்டு மொண்டு வாசலில் கொண்டுபோய்க் கொட்டினோம். காலிப் பக்கெட்டை அவர் சிந்தாமல் ஏந்திப் போன அழகு இருக்கிறதே! எனக்குச் சிரிப்பில் வயிறு பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “இன்னாம்மா கொட்றீங்க?” என்றாள். “பெருச்சாளிக்கா, தொரத்திகினு கீறோம்” என்று வாய்க்கு வந்ததை உளறினேன்.

அந்திசாயவும் வளைகாப்புக் கூட்டம் திரும்பிவிட்டது. மாமியார் மூக்குப்பொடி போட்டுப் போட்டு மூக்கில் வாசனையே தெரியாதவர். நேரே தறிக்குப் போய், இடுப்பில் இருந்த தீப்பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியை உருவினார்.

“அத்தே! கொளுத்தாதே!”

அந்தக் கத்தலில் தெருவே நின்றது. மாமியாரை ஒருமையில் கத்தியது நான்தான். அதோடு விட்டேனா, தீப்பெட்டியைப் பிடுங்கி வாசலில் எறிந்தும்விட்டேன். மாமனார் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு எல்லாரையும் வெளியே போகச் சொன்னார். வாசலில் நின்றபடி, கூடத்தில் கிடந்த குட்டி அடுப்பைக் காட்டி மாமியார் என்னைக் கேட்டார்.

“கோயிலுக்குப் போறவங்களுக்கு அடுப்பு இன்னாத்துக்கு?”

புளுக ஒன்றும் கிடைக்கவில்லை. “டீ போட்டுத் தனியா ஒக்காந்து குடிக்கலாம்னுதான் அத்தே” என்றேன். அழுகை முட்டியது. கூடவே சிரிப்பும் முட்டித் தொலைத்தது. நாத்தனார்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“நாளைக்கு கோயிலும் கெடையாது, ஒண்ணும் கெடையாது” என்றார் மாமியார். “விடியற வரைக்கும் ஊட்டத் தொறந்து போடணும். தறியில பட்டு கீது. யாரு காவலு? செஞ்சவங்களே கெடங்க. நாங்க எங்க அண்ணன் ஊட்ல படுத்துக்குறோம்.”

“நானும் அண்ணிகூட இருக்கேம்மா” என்றாள் சின்ன நாத்தனார். மாமியார் அவள் கையில் நறுக்கென்று கிள்ளினார்.

“நடடி” என்றார்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை தலைகுனிந்து நின்றோம். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தோம். விளக்கு இல்லை, டீ இல்லை, வீட்டில் வேறு ஒரு ஆள் இல்லை. ஆறு மாசமாகச் சேர்த்துவைத்த பேச்சில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன் கொரலு இதுதானா?” என்றார். “இத்தினி நாளா குசுகுசுன்னுதானே பேசிகினு இருந்த. இன்னிக்குத்தான் கேட்டேன்.”

எனக்குக் கோபம் வந்தது, சந்தோஷமும் வந்தது. “ஏன், நல்லா இல்லயா?” என்று கேட்டேன், தெருவுக்கே கேட்கிற சத்தத்தில்.