மர்டோவின் தொப்பியில் குத்தியிருந்த ஈ

ஸ்பே ஆற்றங்கரையில் எஃபியைப் போல் மீனை ஏமாற்றும் பொய் ஈயைத் தூண்டிலுக்குக் கட்ட ஆள் கிடையாது. கேட்டால் அவளே சொல்லுவாள். வைஸ் என்கிற சின்ன இடுக்கியில் தூண்டில் முள்ளை மாட்டி, மயிரும் இறகும் வைத்துப் பட்டுநூலால் சுற்றி முடித்தாளானால் ஓர் இழை பிசிறு நிற்காது. சால்மன் மீனுக்கு ஒன்று, கடல் டிரவுட் மீனுக்கு ஒன்று என்று மீன்பிடிக் கடையின் கண்ணாடிப் பெட்டி நிறைய அவள் கைவேலைதான். இடக்கைக்காரி வேறு. ஊரே நூலை அந்தப் பக்கம் சுற்றினால் இவள் தன் பக்கமாகச் சுற்றுவாள்.

இவ்வளவு இருந்தும் அவளுக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. காரணம் ஷீனா. அதே கடைக்கு ஈ கட்டுகிறவள். அவள் கட்டுவது ஈயா அது? பூனை கக்கின மயிர் உருண்டை மாதிரி இருக்கும். ஆனால் பாழாய்ப்போன மீன் அதைத்தான் கவ்வுகிறது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், மர்டோவை எப்படிப் பொறுப்பது? மர்டோ அவள் புருஷன். மீன் பிடிக்க வருகிற பெரிய மனிதர்களுக்குப் படகு ஓட்டி, மீன் கிடக்கும் இடம் காட்டுகிறவன். போன வருடம் பெரிய சால்மன் ஒன்றைப் பிடித்துக் கொடுத்த ஈயைத் தொப்பியில் குத்திக்கொண்டு திரிந்தான். அந்த ஆற்றில் ஈ கட்டினவளுக்கு அதைவிட மரியாதை இல்லை. அந்த ஈயோ பறட்டைத் தலை.

சனிக்கிழமை கடையில் எஃபி பேச்சைக் கிளறினாள்.

“மர்டோ தொப்பியில இருக்கிறது உன்னுதா ஷீனா?”

“இருக்கும், இருக்கும்,” என்று சிரித்தாள் ஷீனா. “உன்னுது கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்தாத்தானே அழகு? ஏன்டி, வீட்டுல சண்டையா?”

“எனக்கென்னடி சண்டை!”

சொல்லிவிட்டு வந்தாளே தவிர, சாப்பாடு இறங்கவில்லை. கட்டின புருஷன் அந்த ஷீனா செய்ததைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஊர்வலம் போகிறானே! அவனையே கேட்டுவிடலாம்தான். கேட்டு, ஆமாம் என்றுவிட்டால்?

திங்கட்கிழமை சீசன் தொடங்குகிறது. முதல் வீச்சுக்கு அந்த ஈதான் என்று மர்டோ சொல்லிவைத்திருந்தான். ஞாயிறு காலை அவன் நல்ல தொப்பியை மாட்டிக்கொண்டு சர்ச்சுக்குக் கிளம்பினான். எஃபிக்குத் தலைவலியாம். கதவு சாத்தியதும் தலைவலி போன இடம் தெரியவில்லை.

ஆணியில் தொங்கிய பழைய தொப்பியிலிருந்து ஈயைப் பிடுங்கி வைஸில் மாட்டினாள். அந்தச் சிறுக்கி உள்ளே அப்படி என்னதான் வைத்துக் கட்டுகிறாள், பார்த்துவிடுவோம்! ஈயின் தலைப்பக்க முடிச்சை பிளேடால் அறுத்து, நூல் நுனியைப் பிடித்து, ஊரார் சுற்றுகிற சுற்றுக்கு எதிராகத் திருப்பினாள். அவிழவில்லை, இறுகியது. சனியனே என்று இன்னொரு சுற்று. இன்னும் இறுகியது. ஆத்திரத்தில் மறுபக்கம் திருப்பினாள். நூல் சுகமாகக் கழன்று வந்தது.

கழலக் கழல மயிர் உதிர்ந்தது, இறகு உதிர்ந்தது. முள் மொட்டையானபோதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த ஆற்றங்கரையில் தன் பக்கமாக நூல் சுற்றுகிறவள் ஒருத்திதான்.

மர்டோ திரும்பியபோது அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“அடிப்பாவி! என் ஈயை என்ன பண்ணினே?”

“ஷீனா கட்டினதுன்னு நினைச்சேன்.”

“உன் கை உனக்கே தெரியலையா?”

“நான் இப்படியா பறட்டையா கட்டுவேன்?”

மர்டோ தாடையைச் சொறிந்தான். “நீ குடுக்கிறதை அப்படியே விட்டா எந்த மீன் தொடும் எஃபி? பூட்ஸுக்கு அடியில போட்டு நல்லாத் தேய்ச்சுத்தான் ஆத்துல விடுவேன். இத்தனை வருஷமா அதுதான் பண்றேன்.”

அவளுக்கு அழுகை வந்ததா, ஆத்திரம் வந்ததா, அவளுக்கே தெரியவில்லை. அதே முள்ளை எடுத்து, புது மயிர் வைத்து, தன் பக்கமாகவே சுற்றினாள். பிசிறில்லாமல் முடித்தாள். மர்டோ கையை நீட்டினான்.

“நீ தள்ளு,” என்றாள் எஃபி. ஈயைத் தரையில் போட்டு, தன் ஷூவால் தானே தேய்த்தாள்.