எட்டாவது நிமிடம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதக் கடைசி. தென்காசியில் வெயில் அடங்கி, மலைப் பக்கமிருந்து சாரல் வந்து முகத்தில் தெளிக்கிற நாட்கள். ஊரே குளிர்ந்து கிடந்தபோது நான் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தேன். காரணம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. சிரிக்காதீர்கள், அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று.

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சதுரங்கம் மாதிரி உன் முறை, என் முறை என்று இதில் கிடையாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து வேலையாட்களை வைத்து ஆரம்பித்து, மரம் வெட்டி, தங்கம் தோண்டி, வீடு கட்டி, படை திரட்டி, எதிராளியின் கோட்டையை இடிக்க வேண்டும். நம் ஆள் போய்ப் பார்க்காத இடமெல்லாம் திரையில் இருட்டாகக் கிடக்கும். எதிராளி என்ன செய்கிறார் என்பது ஆள் அனுப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் லேப் டெக்னீஷியன். காலையிலிருந்து ரத்தமும் மைக்ராஸ்கோப்புமாகப் போகும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காபி குடித்ததும் இரண்டு மணி நேரம் பயிற்சி. விளையாட்டுக்குப் பயிற்சியா என்று என் மனைவி ஆரம்பத்தில் கேலி செய்தாள். நான் அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். எத்தனையாவது விநாடியில் முதல் வீடு, எப்போது படைக் கூடம், எப்போது குதிரைகள் என்று எல்லாம் அதில் இருக்கும். எட்டாவது நிமிடம் முடிவதற்குள் இருபது குதிரை வீரர்கள் ஆற்றுத் துறையைக் கடந்து எதிராளியின் கோட்டை வாசலில் நிற்க வேண்டும். இதையே ஒன்றரை வருடம் பழகினேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்குக் கை பழகிவிட்டது.

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கத்து ஆட்கள் இருபது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருந்தோம். தென்காசியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒரு தம்பிதான் அதற்கு அட்மின். எங்களில் நன்றாக ஆடுபவரும் அவர்தான். ஒவ்வொரு ஞாயிறும் போட்டி நடக்கும், புள்ளி போடுவோம். அந்த வருடம் புரட்டாசியில் மதுரையில் ஒரு பெரிய போட்டி இருந்தது. புள்ளிப் பட்டியலில் முதல் மூன்று பேர் எங்கள் ஊர் அணியாகப் போவது என்று முடிவாகியிருந்தது.

சித்திரையில் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். பெயரில்லை, படமில்லை, ஏதோ ஒரு பறவைப் பெயரை வைத்துக்கொண்டு ஆடினார். குரூப்பில் ஒரு வார்த்தை பேச மாட்டார். யாரோ காலேஜ் பையன் என்று நினைத்தோம். அவரிடம் நான் பதினோரு முறை தோற்றேன். தோற்பது பெரிய விஷயமில்லை. தோற்ற விதம்தான் என்னை அரித்தது. ஒவ்வொரு முறையும் என் குதிரைகள் ஆற்றுத் துறைக்குப் போய்ச் சேரும்போது அங்கே முன்கூட்டியே ஈட்டிக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். எனக்காகவே காத்திருப்பது போல. குதிரைக்கு ஈட்டிதான் எமன்.

இருட்டை விலக்கி வரைபடம் முழுவதையும் காட்டுகிற கள்ள மென்பொருள்கள் உண்டு. அதைத்தான் போட்டிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். பதினோராவது முறை தோற்ற மறுநாள் குரூப்பில் எழுதினேன்:

“ஏலே, இருட்ட விலக்கிப் பாக்குத சாப்ட்வேர் போட்டு ஆடுதியோ? கள்ள ஆட்டம் ஆடுத பயலுக்கு இங்கன என்ன வேல?”

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கமிருந்து முதல் முறையாக ஒரு பதில் வந்தது. “அண்ணாச்சி, நேத்து ஆடுன ஆட்டத்த என் பக்கத்துலருந்து ஒருக்க ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

ஆட்டம் முடிந்ததும் அது முழுவதும் பதிவாகிவிடும். நம் பக்கத்திலிருந்தும் ஓட்டிப் பார்க்கலாம், எதிராளியின் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். அவர் கண்ணுக்கு எது தெரிந்தது, எது தெரியவில்லை என்பது அதில் அப்படியே இருக்கும். நான் எல்லா ஆட்டங்களையும் ஓட்டிப் பார்க்கிறவன்தான், ஆனால் என் பக்கத்திலிருந்து மட்டும். என் விநாடிக் கணக்கு சரியாக வந்திருக்கிறதா என்று நோட்டோடு ஒப்பிடுவேன். அவ்வளவுதான்.

அன்று அதை ஓட்டிப் பார்க்கவில்லை. ‘கையும் களவுமாப் பிடிச்சாச்சு, பேச்சப் பாரு’ என்று இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதினேன். மறுநாள் அட்மின் தம்பி அந்தப் பறவையைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார். பட்டியலில் நான்காவது இடத்தில் இருந்த நான் மூன்றாவது இடத்துக்கு வந்தேன். மதுரைக்கு இடம் உறுதியானது. அவர் போனதால்தான் எனக்கு இடம் வந்தது என்பது அப்போது உறைக்கவில்லை என்று சொன்னால் பொய். உறைத்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

என் மனைவி மட்டும் கேட்டாள். “என்னங்க, அந்த ஆளு பாக்கச் சொல்லுதாருல்லா? பாத்தீங்களா?”

“பாக்கதுக்கு என்ன இருக்கு?” என்றேன்.

மதுரைப் போட்டிக்காக அட்மின் தம்பியோடு தினமும் ஆடிப் பழக ஆரம்பித்தேன். நாலாவது நாள், என் குதிரைகள் ஆற்றுத் துறைக்குப் போனால் அங்கே ஈட்டிகள் நிற்கின்றன. அதே இடம், அதே வரிசை. உடனே போன் போட்டுக் கேட்டேன். அவர் சிரித்தார்.

“எட்டு நிமிஷம் ஆனா நீங்க ஆத்து வழியா வந்துருவீங்கன்னு ஊருக்கே தெரியுமே அண்ணாச்சி. கொக்குக்கு ஒன்றே மதின்னு நாங்க பேசிக்கிடுவோம்.”

“பொறவு ஏம்லே அந்த ஆள நீக்குனே?”

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. “நீங்க லேப்ல இருக்கவரு. எதையும் சோதிச்சுப் பாக்காமச் சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன்.”

அந்தச் சொல் எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. ஒருவருக்குச் சர்க்கரை அளவு கொஞ்சம் கூடுதலாக வந்தால்கூட, மறுபடி ஒரு முறை போட்டுப் பார்க்காமல் நான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டேன்.

உடனே பதினோராவது ஆட்டத்தைத் திறந்தேன். முதல் முறையாக எதிராளியின் பக்கத்திலிருந்து ஓட்டினேன். அவருக்கும் எல்லா இடமும் இருட்டாகத்தான் இருந்தது. ஆட்டம் தொடங்கியதும் அவருடைய ஐந்து வேலையாட்களில் ஒருவன் மட்டும் மரம் வெட்டப் போகவில்லை. தனியாக நடந்து, ஆற்றைக் கடந்து, என் கோட்டைக்குப் பக்கத்தில் வந்து ஒரு மரத்தடியில் நின்றுகொண்டான். நான் குதிரை லாயம் கட்டுவதை அவன் பார்த்தான். குதிரைகள் கிளம்புவதையும் பார்த்தான். அவ்வளவுதான் ரகசியம். ஐந்தில் ஒரு ஆளின் உழைப்பை ஆட்டம் முழுவதும் இழப்பது சாதாரண விஷயம் இல்லை. பார்ப்பதற்காக அவர் அதைக் கொடுத்திருக்கிறார்.

என் பக்கத்துப் பதிவையும் மறுபடி ஓட்டினேன். அதிலும் அந்த ஆள் இருந்தான். என் திரையிலேயே, என் மரங்களுக்கு நடுவிலேயே நின்றான். மற்ற பத்து ஆட்டங்களிலும் அப்படித்தான். நான் பார்த்ததெல்லாம் திரை மூலையில் ஓடுகிற கடிகாரத்தை மட்டும்தான்.

அவமானமாக இருந்தது. அந்தப் பறவைக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன்: தப்பு என்னுடையதுதான், நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், எங்கே இருக்கிறீர்கள்? பதில் வந்தது. “ஐந்தருவில டூட்டி. பொம்பளைங்க குளிக்குத பக்கம் வந்து கேளுங்க. லேடி கான்ஸ்டபிள்னா காட்டுவாங்க.”

நான் ‘ஏலே’ என்றும் ‘பயல்’ என்றும் எழுதியது நினைவுக்கு வந்தது. என் மனைவியிடம் போனைக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். “நானும் வாரேன். அப்படியே ஒரு குளியலும் ஆச்சு, நீங்க அடி வாங்குததப் பாத்ததும் ஆச்சு” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஐந்தருவியில் நல்ல கூட்டம். மனைவி துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். நான் தேடிப் போனேன். தொப்பியின் மேல் பாலிதீன் உறை, கழுத்தில் விசில், இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். குரூப்பில் என் படம் இருந்ததால், என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார்.

“வாங்க, எட்டு நிமிஷத்து அண்ணாச்சி.”

நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். ஆனால் அவர் என் முகத்தையே பார்க்கவில்லை. இரண்டு வார்த்தை பேசுவதற்குள் பார்வை அருவியின் உச்சிக்குப் போய்விடும். இறங்கி வரும், கூட்டத்தைப் பார்க்கும், மறுபடி மேலே போகும். மன்னிப்புக் கேட்கிறவனுக்கு இந்த மரியாதைதானா என்று, வந்த இடத்திலும் எனக்குச் சுருக்கென்றது. அதைக் கவனித்துவிட்டார்.

“கோவிச்சுக்கிடாதீங்க. காது இங்கனதான் இருக்கு, சொல்லுங்க. கண்ண மட்டும் எடுக்க முடியாது. வெள்ளம் சொல்லிட்டா வருது?”

கணவர் ராணுவத்தில் இருக்கிறார், லீவில் வந்தபோது அவர்தான் இந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தார் என்றார். பெயரை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். “போலீஸ்னு தெரிஞ்சா பயப்படுவாங்க, பொம்பளன்னு தெரிஞ்சா விட்டுக் குடுப்பாங்க. ரெண்டும் எனக்கு வேண்டாம்” என்றார்.

மதுரை இடத்தை விட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அப்போதும் அவர் பார்வை மேலேதான் இருந்தது. “லீவு கெடைக்குமோ கெடைக்காதோ, அது வேற விஷயம். போறதும் போகாததும் நான் சொல்லணும்லா அண்ணாச்சி?” என்று சொன்னவர், சட்டென்று நிறுத்தி விசிலை வாயில் வைத்தார்.

அப்படி ஒரு விசில். “எல்லாரும் வெளிய வாங்கம்மா! ஏம்மா, துணியெல்லாம் பொறவு எடுக்கலாம், வாங்க!” அந்தப் பக்கம் ஆண்களுக்குக் காவலாக நின்றவரும் விசில் ஊதினார். நான் அருவியைப் பார்த்தேன். தண்ணீர் எப்போதும் போல வெள்ளையாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார்கள். என் மனைவியும் சொட்டச் சொட்ட வந்து நின்றாள். “இப்பத்தான் தலையக் காட்டுனேன், அதுக்குள்ள வெரட்டுதாங்க” என்று என்னிடம் சிடுசிடுத்தாள்.

நான்கைந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. சிலர் திரும்பப் போகப் பார்த்தார்கள், விடவில்லை. பிறகு தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது. சத்தம் தடித்தது. ஒரு பெரிய மரக்கிளை உச்சியிலிருந்து புரண்டு வந்து, சற்று முன்பு என் மனைவி நின்ற இடத்தில் விழுந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் பிடித்துக்கொண்டேன். கூட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். “தண்ணியோட சருகு கூடுதலா வந்துச்சு” என்றார். அவ்வளவுதான். கிளம்பும்போது மட்டும் என்னை நேராகப் பார்த்துச் சொன்னார். “இங்கன வந்து சொன்னது சரி. ஆனா குரூப்புல சொன்னத குரூப்புலதான் திருப்பிச் சொல்லணும்.”

அன்று மதியம் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியதில் ‘ஆனால்’ என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது. மனைவி வாசித்துவிட்டு இரண்டையும் எடுக்கச் சொன்னாள். கடைசியில் நாலே வரி. நான் பார்க்காமல் பழி சொன்னேன். அவர் கள்ள ஆட்டம் ஆடவில்லை. நான் தோற்றது என் ஆட்டத்தால். மதுரை இடம் அவருடையது. அனுப்புகிற பொத்தானை அமுக்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அட்மின் தம்பி அவரை மறுபடி சேர்த்து, அவரிடம் தானும் மன்னிப்புக் கேட்டார்.

புரட்டாசியில் அவருக்கு இரண்டு நாள் லீவு கிடைத்தது. மூன்று பேருமாக மதுரை போனார்கள், இரண்டாவது சுற்றில் தோற்றுத் திரும்பினார்கள். பஸ்ஸில் வரும்போதே அவர் குரூப்பில் எழுதினார்: “ஞாயித்துக்கிழம யாரு பிராக்டிஸுக்கு வாறீங்க?” முதலில் கை தூக்கியது நான்தான்.

இப்போதும் வாரம் ஒரு முறை அவரோடு ஆடுகிறேன். பெரும்பாலும் தோற்கிறேன். நோட்டு இன்னும் இருக்கிறது, ஆனால் அதில் விநாடிகளைவிட எதிராளி என்ன செய்தார் என்பதைத்தான் அதிகம் எழுதுகிறேன். ஆட்டம் முடிந்ததும் முதலில் அவர் பக்கத்திலிருந்து ஓட்டிப் பார்க்கிறேன். கோபம் மட்டும் குறையவில்லை, அது பிறவிக் குணம். ஆனால் யார் மேலாவது ஆத்திரம் பொங்கி, பழி சொல்ல வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும், மரத்தடியில் நின்ற அந்த ஒற்றை வேலையாள் என் முன்னால் வந்து நிற்கிறான்: அவன் ஒளிந்திருக்கவே இல்லை, நான்தான் பார்க்கவில்லை.