தருமபுரிக்குப் போய்ப் பேசும் பெட்டி வாங்கி வந்தது

காலை ஆறேகால் மணிக்குப் பென்னாகரத்தில் தருமபுரி வண்டி ஏறினோம், நானும் என் வீட்டுக்காரரும். டிக்கெட் ஆளுக்கு இரண்டே முக்கால் ரூபாய். தருமபுரியில் கண் தெரியாதவர்களுக்குப் பேசும் பெட்டி இரவல் தருகிறார்கள் என்று எங்கள் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் அறிவித்திருந்தார். அங்கே என்ன கேட்பார்களோ என்று பலரும் தயங்கிக்கொண்டிருப்பதால், போய் வந்தவள் எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

என் வீட்டுக்காரர் பெயர் சின்னப்பன். பெயரை எழுத எனக்குத் தயக்கமில்லை. வாயால் சொல்வதுதான் வழக்கமில்லை. அதனால் வந்த வம்பைப் பின்னால் சொல்கிறேன்.

அவர் பெங்களூர் - சேலம் லாரி ஓட்டியவர். வண்டி எங்கே நின்றாலும் பேப்பர் வாங்கி, விளம்பரம்கூட விடாமல் படித்துவிடுவார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. வீட்டில் ரேடியோ இருக்கிறது. "அது நெனச்சதத்தான் சொல்லும். இன்னொருக்கா சொல்லுன்னா சொல்லுமா?" என்பார். மாட்டையும் காட்டையும் பார்த்துவிட்டு வந்து ராத்திரியில் நான் பேப்பர் படித்துக் காட்டுவேன். பாதி வரியில் எனக்குத் தூக்கம் சொக்கும். இந்தத் தைக்குப் பிறகு அவர் படிக்கச் சொல்லிக் கேட்பதையே விட்டுவிட்டார். "நீ படுத்துக்க" என்று சொல்லிவிடுவார். அவர் கேட்காமல் போனதுதான் எனக்கு வருத்தம். அதனால்தான் கூச்சத்தை விட்டு நானே கிளம்பலாம் என்றேன்.

பஸ்ஸில் அவருக்குக் கண்ணே வேண்டியிருக்கவில்லை. வண்டி கியர் மாற்றுகிற சத்தத்தை வைத்து, "இண்டூர் வந்துட்டமா?" என்றார். எட்டிப் பார்த்தேன், இண்டூர்தான். பக்கத்து சீட்டில் தக்காளிக் கூடையோடு இருந்த அம்மாள் நம்பவில்லை.

"பெரியவரு சும்மா கண்ண மூடிக்கினு வராருங்களா?"

"தொறந்தாலும் அதே இருட்டுத்தாம்மா. டிரைவர் பிரேக்க இவ்ளோ மிதிக்கறானே, அதத்தான் தாங்க முடியல" என்றார் இவர். டிரைவர் காதில் விழுந்து, திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அதகபாடி தாண்டும்வரை இருவரும், சேலம் ரோட்டில் லாரிக்காரர்கள் பயப்படுகிற தொப்பூர் இறக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

ஏழே முக்காலுக்குத் தருமபுரி. பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு இரண்டு இட்லி. அங்கிருந்து ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் ஓட்டுக் கட்டிடம் ஒன்று, பெட்டி தருகிற இடம் அதுதான். பெஞ்சுகளில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது மணி தாண்டி, அங்கே சொல்லிக்கொடுக்கிற டீச்சர் வந்தார். பெயர் விமலா. சேலத்துக்காரர், முப்பது வயதிருக்கும். அவருக்கும் பார்வை இல்லை, பிறவியிலிருந்தே. கைக்கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்து முள்ளைத் தொட்டு, "ஒம்பது அடிச்சு அஞ்சு நிமிசம். லேட்டு எம் பேர்லதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

முதலில் புள்ளி எழுத்து. தடித்த காகிதத்தில் புள்ளி புள்ளியாக மேடு எழும்பியிருக்கும், விரலால் தடவிப் படிக்க வேண்டும். டீச்சர் தடவிக்கொண்டே கடகடவென்று படித்ததைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது. இவர் தடவிப் பார்த்தார். இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த விரல்.

"என்னா தெரியுதுங்க?" என்றார் டீச்சர்.

"ஜல்லி கொட்டன ரோடு மாதிரி கீதுங்க."

"தார் போட ஆறு மாசம் ஆகுங்க. பொறுமை இருக்கா?"

"லாரிக்காரனுக்கு ஏதும்மா பொறுமை?"

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டு, புள்ளியை மெல்லக் கற்கலாம், அதுவரை இது என்று பேசும் பெட்டியை இவர் மடியில் வைத்தார். காசெட் போடுகிற டேப் ரெக்கார்டர்தான். பாட்டு கேட்கிற பட்டன் மேல் ஒரு பச்சைப்பயறு ஒட்டியிருந்தது. பின்னால் சுற்றுகிறதில் இரண்டு பயறு. பதிவு செய்கிறதில் ஒரு புளியங்கொட்டை. தடவிப் பார்த்ததும் இவர் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு பயறை அழுத்தினார், சுற்றியது. ஒற்றைப் பயறை அழுத்தினார், யாரோ படித்த கதை முதலிலிருந்து பேசியது.

"இன்னொருக்கா சொல்லுன்னா சொல்லுது!" என்றார்.

இரவல் தர ஒரே ஒரு நிபந்தனை. வீட்டில் யாராவது பேப்பரோ புத்தகமோ படித்துப் பதிந்து தர வேண்டும். அதை அங்கேயே ஒரு தடவை செய்து காட்டிவிட்டுத்தான் எடுத்துப் போகலாம். நேரம் கிடைக்கும்போது நான் படித்து வைத்தால், அவருக்கு வேண்டும்போது அவர் கேட்டுக்கொள்ளலாம். என்னிடம் கேட்டுக் காத்திருக்க வேண்டாம். இதைவிட என்ன வேண்டும்?

"ஆனா ஆரம்பத்துல யாரோட காசெட்டுன்னு பேரு சொல்லணும். படிக்கறது யாருன்னும் சொல்லணும்" என்றார் டீச்சர். "மேல எழுதி ஒட்டனா எங்களுக்கு அது வெறும் காயிதம். உள்ள குரல் இருந்தாத்தான் அடையாளம். கேட்டு முடிச்ச காசெட்டெல்லாம் வேற மாத்திக்க இங்க வருமில்ல?"

புளியங்கொட்டையை அழுத்தினேன். நாடா சுற்றியது.

"இது... எங்க வூட்டுக்காரருது" என்றேன்.

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். பக்கத்து டப்பாவிலிருந்து ஒரு காசெட்டை எடுத்துப் போட்டார். ஏதோ ஒரு அம்மாள் குரல்: "இது எங்க வூட்டுக்காரருதுங்க." இன்னொன்று போட்டார். வேறு குரல்: "இது அவருது." மூன்றாவதில், "எம் பெரிய பையனோட அப்பாவுது."

"பாத்தீங்களா? ஒரு டப்பா நெறைய வூட்டுக்காரருங்க! யாரு வூட்டுக்காரருன்னு நான் எங்க போயித் தேடறது? பேரு சொல்லுங்கம்மா."

எனக்குக் கோயில் ஞாபகம் வந்தது. கல்யாணத்தன்று சாமியார் சொல்லிக் கொடுக்க, வாக்குறுதியில் ஒரே ஒரு தடவை அந்தப் பெயரைச் சொன்னவள். அதற்குப் பிறகு மாமியார் எதிரிலும் சொன்னதில்லை, மளிகைக் கடையிலும் சொன்னதில்லை. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை முயன்றேன். முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

இவர் பெட்டியை மடியிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "வேணாங்க டீச்சர், அவளப் போட்டு வருத்தாதீங்க. ரேடியோவே போதும்" என்று எழுந்துவிட்டார். ராத்திரி "நீ படுத்துக்க" என்பாரே, அதே குரல்.

நான் அவர் துண்டைப் பிடித்து இழுத்தேன். அத்தனை பேர் எதிரில் அப்படிச் செய்வேன் என்று நானே நினைக்கவில்லை. "ஒக்காருங்க. உங்க பேர நீங்களே சொல்லுங்க. மிச்சத்த நான் படிக்கறேன்" என்றேன்.

அவர் உட்கார்ந்தார். புளியங்கொட்டையைத் தேடி அழுத்தினார். லாரி ஷெட்டில் கணக்குச் சொல்கிற குரலில், "இது பென்னாகரம் டிரைவர் சின்னப்பன் காசெட்டு" என்றார்.

"சபாஷ். படிக்கறது யாரு?" என்றார் டீச்சர்.

இப்போது மாட்டிக்கொண்டது அவர். என்னை "இந்தா" என்பார், "ஏ புள்ள" என்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நாடா சுற்றிக்கொண்டிருந்தது. அவர் காது சிவந்துவிட்டது.

"ஏன் பெரியவரே, தொப்பூர் இறக்கத்துல பிரேக் புடிக்கலையா?" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்க, கட்டிடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, தொண்டையைச் செருமி, மெதுவாகச் சொன்னார்.

"படிக்கறது... ஆரோக்கியம்."

நான் மேசை மேல் கிடந்த பேப்பரை எடுத்து, தக்காளி விலையிலிருந்து ஆரம்பித்து ஒரு பக்கம் முழுக்கப் படித்தேன். நாலு இடத்தில் தடுக்கினேன். போதும் என்றார் டீச்சர். பெட்டியும் இரண்டு காசெட்டும் கைக்கு வந்தன. பேட்டரி நாம் வாங்க வேண்டும், அதை மறக்காதீர்கள்.

மதியம் இரண்டு மணிக்கு வண்டி. ஜன்னலோரம் எனக்கு. இவர் மடியில் பெட்டி. இரண்டு பயறு, ஒரு பயறு, இரண்டு பயறு, ஒரு பயறு என்று அழுத்திக்கொண்டே வந்தார். இண்டூர் வருவதற்குள் பஸ் முழுக்க என் பெயரைக் கேட்டுவிட்டது.

"யாருங்க பெரியவரே அந்த ஆரோக்கியம்?" என்றார் கண்டக்டர்.

"பட்டன் சரியா வேல செய்யுதான்னு பாக்கறேன், அவ்ளோதான்" என்றார் இவர். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

ஊர் வந்ததும் பெட்டியை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தோம். மறுநாள் அவர் டீக்கடைக்குப் போயிருந்தபோது இரண்டாவது காசெட்டைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டேன். மாட்டைத் தவிர யாரும் இல்லை. புளியங்கொட்டையை அழுத்திவிட்டு, மெதுவாகத்தான், ஆனாலும் அவர் பெயரை முழுசாகச் சொன்னேன். பிறகு பேப்பர் படித்தேன்.

சாயங்காலம் அவர் அதைப் போட்டார். ஆரம்பத்திலேயே என் குரலில் அவர் பெயர் வந்தது. உடனே நிறுத்தினார். அடுப்படியில் நான் குழம்பைக் கிண்டாமல் நின்றேன். இரண்டு பயறை அழுத்தி நாடாவைப் பின்னால் சுற்றுகிற சத்தம் கேட்டது.