அக்கா அடிக்கச் சொன்ன துக்க மணி

அக்கா நம்மை விட்டுப் போய் ஓர் ஆண்டு ஆகிறது. மலையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் எல்லோருக்கும் தங்கையின் வணக்கம். கூட்டத்தில் பேச எனக்கு வராது. பள்ளிப் படிப்போடு நின்றவள். தெரிந்த மட்டில் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மலைமேல் உள்ள எங்கள் ஊர் வாழவந்தியில். அப்பாவும் அம்மாவும் காப்பி எஸ்டேட்டில் கூலி வேலை. மிஷன் பள்ளியில் படித்துச் சென்னைக்குப் போன அக்கா, சினிமாவில் உதவியாளராகப் பல வருடம் அலைந்தார். "பொம்பளைக்கு எதுக்கும்மா டைரக்சன்?" என்று கேலி செய்தவர்களிடமே வேலை கற்றார். எழுபதுகளின் கடைசியில் தன் முதல் படத்தை எடுக்க மலைக்கே வந்தார். ஸ்டூடியோ வேண்டாம், நடிகர்கள் வேண்டாம், நம் ஜனங்களே போதும் என்றார். அப்போது அப்படிப் படம் எடுத்த பெண்கள் இல்லை.

கதையில் ஒரு சாவு வரும். எங்கள் ஊரில் யாராவது இறந்தால் மாதா கோயிலில் துக்க மணி அடிப்பார்கள். கேட்டவர்கள் வேலையைப் போட்டுவிட்டு, யார் என்று அறியக் கோயிலுக்கு ஓடி வருவார்கள். அதை நடிக்கச் சொன்னபோது எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். மறுநாள் அக்கா கேமராவை மறைத்து வைத்து, மணி அடிப்பவரிடம், "சத்தம் மட்டும் பதிவு பண்ணிக்கறோமுங்க, அடிங்க" என்றார்.

பறிப்பு நேரம். காப்பிப் பழக் கூடைகளைக் கவிழ்த்துவிட்டு ஜனம் ஓடி வந்தது. பக்கத்து வீட்டு மரியம்மாப் பெரியம்மா சரிவில் விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டார். அப்பா அப்போது இளைப்பு நோயில் படுத்திருந்தார். அவர்தான் போய்விட்டார் என்று அம்மா மார்பில் அடித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தார். எல்லாம் படமாகிவிட்டது.

"என் அழுகையப் படத்துல வெச்சுக்க சாமி. ஆனா பெத்தவள ஏமாத்திப்புட்டியே" என்றார் அம்மா. அந்தப் படத்தை அவர் கடைசி வரை பார்க்கவில்லை. வெளியூரில் எல்லோரும் அந்தத் தாயின் முகத்தைத்தான் புகழ்ந்தார்கள். அந்தப் பேச்சு வந்தாலே அக்கா எழுந்து போய்விடுவார்.

பிறகும் படங்கள் எடுத்தார். ஆனால் மலைக்குக் கேமராவோடு வரவே இல்லை. சும்மா வந்தாலும் பஸ்ஸிலேயே கேட்பார்கள்: "ஏனுங்க டைரக்டரம்மா, இன்னிக்கு யாரச் சாகடிக்கப் போறீங்க?" அக்கா தலையைக் குனிந்துகொள்வார்.

நோய் முற்றியதும் கோயிலுக்கு எதிரே உள்ள என் வீட்டுக்கு வந்தார். ஒரு நாள் என் கையைப் பிடித்து, "எனக்கு மணி அடிக்க வேண்டாம் கண்ணு. ஒருத்தரும் வர மாட்டாங்க. வெறும் வாசல நீ பாக்காத" என்றார்.

ஆனாலும் அக்கா இறந்த காலையில் நான் மணி அடிக்கச் சொன்னேன். அன்றும் பறிப்பு நேரம். எதிர்ச் சரிவில் தலைகள் நிமிர்ந்தன. பிறகு குனிந்துகொண்டன. மணி ஓய்ந்த பிறகும் யாரும் வரவில்லை. வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது மரியம்மாப் பெரியம்மா நொண்டிக்கொண்டே வந்தார். "ஏங்கண்ணு, இது நெசமாத்தானா?" என்று கேட்டார். உள்ளே கையைக் காட்டினேன். அவர் போய் அக்காவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். வெளியே வந்து சரிவைப் பார்த்துக் கத்தினார்: "நெசந்தானுங்க! எல்லாரும் வாங்க!"

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், சென்னையிலிருந்து வந்த சினிமா நண்பர்களுக்கும், குழி வெட்டியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த ஊராருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று நீங்கள் யாரும் ஓடி வரவில்லை. விஷயம் தெரிந்து, நடந்து வந்தீர்கள். அக்காவுக்கு அது போதும்.