திருஷ்டி பொம்மைக்கு ஒரு கல்லறை

மட்டாஞ்சேரி மிஷனில் பள்ளிக்கூடம் கட்டுகிறோம். வெளிநாட்டுத் தொண்டர்களுக்கும் தமிழ்க் கொத்தனார்களுக்கும் நடுவில் நான்தான் மொழிபெயர்ப்பாளன்.

சாரத்தில் தொங்கிய திருஷ்டி பொம்மையை இன்று காலையில் காணவில்லை. வைக்கோல் பொம்மை. மாட்டியிருந்தது மேஸ்திரி முருகன் அண்ணனின் பழைய சட்டை, பேண்ட்.

"தூக்கில் தொங்கும் மனிதன் மாதிரி இருந்தது. பாவம், ஜெபம் செய்து புதைத்துவிட்டேன்" என்றார் தொண்டர் லீனா. தோட்டத்தில் மண்மேடு, அதன்மேல் குச்சிச் சிலுவை.

அண்ணன் முகம் வெளிறிவிட்டது. "என் சட்டையையா குழிக்குள்ள போட்டுச்சு அந்தம்மா? தோண்டுங்கடா!"

தோண்டினோம். வைக்கோல் இருந்தது, பேண்ட் இருந்தது. சட்டை இல்லை.

"சட்டையோடுதான் புதைத்தேன்" என்றார் லீனா.

அப்போது மேலே, சாரத்தில், யாரோ கொத்துக் கரண்டியால் சுவரைச் சுரண்டும் சத்தம். நாங்கள் எல்லோரும் கீழேதான் நின்றிருந்தோம்.

நாளைக்குச் சாரம் ஏற ஆள் வேண்டும். வருகிறவர்களுக்குச் சாயா என் செலவு.